வீடில்லாதவர் மூட்டை

பட்டணத்தில் விடியற்காலையில் நடமாடும் வழக்கமுள்ள நேயர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பார்கள். கடைகளின் கதவு திறக்குமுன்பே, நடைபாதையில் படுத்திருந்தவர்கள் எழுந்து பாயைச் சுருட்டுகிறார்கள். துணிமணிகளையும் தட்டுமுட்டுகளையும் பழைய புடவையிலோ சிமெண்டுச் சாக்கிலோ போட்டுக் கட்டுகிறார்கள். கட்டிய மூட்டையை மரக்கிளையில் தொங்கவிடுகிறவர் உண்டு. பாலத்துச் சுவரின் இடுக்கில் செருகுகிறவர் உண்டு. மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் மறைத்து வைக்கிறவர் உண்டு. பிறகு வேலை தேடிப் புறப்படுகிறார்கள். பத்தடி போனதும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்கள். மாலையில் வரும்போது மூட்டை அங்கே இருக்குமா என்ற கவலை அந்தப் பார்வையில் இருக்கிறது. அக்கவலையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இரார். கந்தலென்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுகிறோம். மாற்றுத்துணி ஒன்று, போர்வை ஒன்று, அலுமினியப் பாத்திரம், மழைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை இருக்கும். கொத்தனாராயின் கரண்டியும் தூக்குக்குண்டும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் நடுவே, நனையாமல் உறையிலிட்டு மடித்து வைத்த சில காகிதங்களும் இருக்கும். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, கட்டடத் தொழிலாளர் நலவாரிய அட்டை, முதியோர் உதவித்தொகை உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளையின் பள்ளிச் சான்று, இறந்துபோன புருஷனின் போட்டோ ஆகியவை அவை. காசநோய் கண்டவராயின் மாத்திரைகளும் அதற்குள்தான். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத காலம் இடைவிடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் நின்றால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாத ரூபமெடுக்கக்கூடும். பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அதே ரூபத்தில் தொற்றக்கூடும். ஆகவே மூட்டை போனால் நஷ்டம் மூட்டைக்காரரோடு நிற்பதில்லை. ஊர்ச் சுகாதாரமும் அதில் அடங்கியிருக்கிறது.

மூட்டையைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போகலாமே என்று கேட்கலாம். மேஸ்திரி ஆள் பிடிக்கும் தெருமுனையில் ஒரு காலை நின்று பார்த்தால் பதில் தெரியும். கைவீசி நிற்பவனை வண்டியில் ஏற்றுவார்கள். பெரிய மூட்டையும் பாயுமாக நிற்பவன் கடைசிவரையில் நின்றுகொண்டே இருப்பான். மூட்டையோடு தாலுகாக் கச்சேரிக்குள் நுழைந்து மனுக் கொடுப்பது எளிதன்று. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதும் எளிதன்று. கக்கூசுக்குப் போவதுகூடப் பெரும்பாடு. ஆதலால் குடும்பஸ்தர்கள் ஒருவரை மூட்டைக்குக் காவலாக விட்டுப்போகிறார்கள். புருஷன் கூலிக்குப் போனால் மனைவி காவல். மனைவியும் போனால் மூத்த பெண் காவல். அந்தப் பெண் அன்று பள்ளிக்கூடம் போவதில்லை. தனியாளுக்குக் காவலுக்கு யாருமில்லை. டீக்கடைக்காரரின் தயவோ, பழைய காகிதக் கடைக்காரரின் தயவோ உள்ளவர்கள் பாக்கியசாலிகள். நடைபாதையில் கிடப்பவர்கள் சோம்பேறிகள் என்று பேசும் கனவான்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் ஒரே ஒரு நாள் தங்கள் இரும்புப் பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய் நிம்மதியாக வேலை பார்த்துத் திரும்பட்டும், பிறகு பேசலாம்.

திருடனுக்குப் பயப்படுவது ஒருபுறமிருக்க, அதனினும் பெரிய பயம் லாரிக்கு. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார், நகரை அழகுபடுத்துகிறார்கள், மழைநீர்க் கால்வாய் தூர் எடுக்கிறார்கள் என்று ஏதோ ஒரு காரணம் வருகிறது. சிப்பந்திகள் வந்து நடைபாதையைத் 'துப்புரவு' செய்கிறார்கள். உடையவர் பக்கத்தில் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். இல்லாவிட்டால் மூட்டை குப்பையோடு குப்பையாக லாரியில் ஏறுகிறது. எடுத்தவர் யார், எங்கே கொண்டுபோனார், யாரைக் கேட்பது? ஒன்றுக்கும் விடை கிடைப்பதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைப்பதற்கென்று சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்ட நாடு இது. பிள்ளைத்தாய்ச்சியாய் இறந்துபோன பெண்ணின் நினைவாக அக்கல்லை நடுவது தமிழ்நாட்டு வழக்கம். அதன்மேல் வைத்த சுமையை ஊரார் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கொட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

காகிதங்கள் போனால் என்ன, புதிது வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். ஓர் அட்டைக்கு நகல் கேட்டால் வேறோர் அட்டை காட்டு என்பது நமது கச்சேரிகளின் சம்பிரதாயம். எல்லா அட்டைகளும் ஒரே மூட்டையில் இருந்தன. மூட்டையே போய்விட்டது. போலீஸ் ஸ்டேஷனில் காணாமற்போனதாக எழுதி வாங்கிவரச் சொல்கிறார்கள். அங்கே 'விலாசம் என்ன?' என்று கேட்கிறார்கள். விலாசம் இருந்தால் மூட்டை தெருவில் இருந்திராது. 2015 முதல் மத்திய சர்க்கார் 'டிஜிலாக்கர்' என்ற பெயரில் தஸ்தாவேஜுகளை மின்னணு முறையில் பத்திரப்படுத்தும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைத் திறக்கும் சாவி ஆதாருடன் இணைத்த செல்போனுக்கு வருகிறது. அந்தச் செல்போனும் அந்த மூட்டையில்தான் இருந்தது!

2015 டிசம்பரில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பெருவெள்ளம் வந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து லக்ஷக்கணக்கானவர்களுடைய பத்திரங்களும் சான்றிதழ்களும் நாசமாயின. அப்போது ராஜ்ய சர்க்கார் ஆங்காங்கே விசேஷ முகாம்கள் போட்டு நகல்கள் வழங்கினார்கள். அதை நாம் பாராட்டுகிறோம். காகிதம் போனால் மனிதன் முடமாகிவிடுகிறான் என்பதைச் சர்க்கார் நன்றாக அறிவார்கள் என்பதற்கு அதுவே சாக்ஷி. வீட்டுக்காரரின் காகிதத்தை வெள்ளம் கொண்டுபோனால் முகாம் வருகிறது. வீடில்லாதவரின் காகிதத்தைச் சர்க்கார் லாரியே கொண்டுபோனால் ஒரு ரசீதும் வருவதில்லை. இந்தப் பேதத்துக்கு நியாயம் என்னவென்று நமக்கு விளங்கவில்லை.

இவர்கள் எத்தனை பேர்? 2011 ஜனக்கணக்கின்போது பிப்ரவரி 28-ந் தேதி இரவில் நாடெங்கும் வீடற்றோரை எண்ணினார்கள். நடைபாதை, பாலத்தடி, பெருங்குழாய், கோயில் மண்டபம், ரயில் பிளாட்பாரம் முதலிய இடங்களில் இருந்தவர்கள் கணக்கில் வந்தார்கள். மொத்தம் 17 லக்ஷத்து 73 ஆயிரம் பேர். நகரங்களில் மட்டும் 9 லக்ஷத்து 38 ஆயிரம். பத்து வருஷத்துக்கு முன் எடுத்த கணக்கைவிட தேசம் முழுவதிலும் தொகை சற்றுக் குறைந்திருக்க, நகரங்களில் மட்டும் 1½ லக்ஷத்துக்கு மேல் கூடியிருந்தது. ஒரே இரவில், அதுவும் இருட்டில் எண்ணிய எண்ணிக்கை. அதற்குத் தப்பியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கு உரிய காலத்தில் நடைபெறவில்லை.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 2009-10 குளிர்காலத்தில் டெல்லியில் ஓர் இரவு விடுதியை நகரசபையாரே இடித்துவிட்ட விவகாரம் கோர்ட்டுகளுக்குப் போயிற்று. அதிலிருந்து சுப்ரீம் கோர்ட்டார் இவ்விஷயத்தில் கண்ணாயிருந்து ராஜ்யங்களுக்கு உத்தரவுகள் பிறப்பித்தனர். 2013-இல் மத்திய சர்க்கார் நகர்ப்புற வீடற்றோர் விடுதித் திட்டம் ஒன்றை வகுத்தார்கள். ஜனத்தொகையில் 1 லக்ஷம் பேருக்கு 100 பேர் தங்கும் ஒரு விடுதி. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி. இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். தண்ணீர், குளியலறை, சமையலிடம் இவற்றோடு, தங்குபவர் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பொருள் வைக்கப் பூட்டுப் பெட்டியும் இருக்க வேண்டுமென்று அத்திட்டத்திலேயே எழுதியிருந்தது. எழுதியவர் மூட்டையின் கஷ்டம் தெரிந்தவர், அவரை மெச்சுகிறோம். ஆனால் விடுதிகளே போதிய அளவு எழும்பவில்லை. 2016 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டார் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை நியமித்து, விடுதிகள் திட்டப்படி இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும்படி ஏவ நேர்ந்தது. விடுதியே இல்லாத இடத்தில் விடுதிக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அன்றியும், எல்லோரும் விடுதிக்கு வருவதில்லை. குடும்பத்தோடு இருப்பவர் ஆண்கள் விடுதியில் தங்க முடியாது. இரவில் மார்க்கெட்டில் சுமை தூக்குபவர் பகலில்தான் தூங்குவார். பலருக்கு வேலை கிடைக்கும் இடத்திலிருந்து விடுதி தூரம். ஆகவே படுக்க இடம் தருவதையும் பொருள் வைக்க இடம் தருவதையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடலாகாது என்பது நமது அபிப்பிராயம். முன்னதற்குக் கட்டடமும் கட்டிலும் வேண்டும், வருஷங்கள் ஆகலாம். பின்னதற்கு ஓர் அறையும் இரும்பு அலமாரிகளும் இரண்டு மூன்று காவலாளிகளும் போதும்; நாளைக்கே தொடங்கலாம். ரயில்வே ஸ்டேஷனில் பொருள் காப்பறை இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். அங்கே டிக்கெட் காட்ட வேண்டும், பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும், கட்டணமும் உண்டு. பிரயாணிக்கு ஏற்பட்டது அது. முடிச்சுப் போட்ட சாக்கு மூட்டைக்கு அங்கே இடமில்லை.

இந்த மூட்டை விவகாரம் ஒரு தேசத்தில் பெரிய கோர்ட்டு வரைக்கும் போய்த் தீர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், குபேரர்களின் மாளிகைகளுக்கு அதிக தூரமில்லாத இடத்தில், 'ஸ்கிட் ரோ' என்றொரு பேட்டை உண்டு. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே தெருவில் வசிக்கிறார்கள். 2011-இல் அவ்விடத்தில் நகரச் சிப்பந்திகள் போலீஸ் துணையோடு வந்து, தெருவில் வைத்திருந்த மூட்டைகளையும் தள்ளுவண்டிகளையும் எடுத்து அங்கேயே நொறுக்கிவிட்டார்கள். உடையவர்கள் அவற்றைக் கைவிட்டுப் போனவர்களல்லர். சாப்பிடப் போயிருந்தார்கள், குளிக்கப் போயிருந்தார்கள், கோர்ட்டுக்கு ஆஜராகப் போயிருந்தார்கள். சிலர் ஓடிவந்து, அது என்னுடையது, கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சியும் கொடுக்கவில்லை. பிறப்புச் சான்று, மருந்து, குடும்பத்து ஞாபகப் பொருள்கள், போர்வை எல்லாம் நாசமாயின. ஒன்பது பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள்.

நகரசபையின் வாதம் நமது நகரசபைகளின் வாதமேதான். தெருவில் பொருளை விட்டுப்போவது சட்டவிரோதம். சட்டவிரோதமாக வைத்த பொருளுக்கு உரிமை பேச முடியாது என்றார்கள். 2012 செப்டம்பரில் ஒன்பதாவது வட்டார அப்பீல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதைத் தள்ளிவிட்டனர். வைத்தது தவறாகவே இருக்கட்டும். அதற்காக நோட்டீஸ் இல்லாமல், கேட்க அவகாசம் தராமல், பொருளை அழித்துவிடச் சர்க்காருக்கு அதிகாரமில்லை என்றனர். பொருள் விலையுயர்ந்த காடிலாக் மோட்டாராயினும் சரி, ஏழையின் தள்ளுவண்டியாயினும் சரி, சட்டம் ஒன்றே என்றும் தீர்ப்பில் கண்டிருக்கிறது. நகரசபையார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2013-இல் அக்கோர்ட்டார் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டனர்.

அதே பேட்டையில் ஒரு கிடங்கும் இருந்து வந்தது. மூடியுள்ள பெரிய தொட்டி ஒன்றை ஆளுக்கொன்றாக இலவசமாகக் கொடுத்து, அதில் பொருளை வைத்துவிட்டுப் போகலாமென்று ஏற்பாடு. தொட்டி ஒன்று 60 காலன், அதாவது சுமார் 227 லிட்டர் கொள்ளும். போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரில் 2013 முதல் தெருவோரத்திலேயே இரும்புப் பெட்டகங்கள் நிறுத்திச் சாவியை வீடற்றவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் பின்பற்றத்தக்கவை. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் பின்னால் நடந்ததை நமது சீர்திருத்தக்காரர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நகரசபையார் தங்கள் சட்டத்தை மாற்றி எழுதி, ஒருவர் பொது இடத்தில் வைத்திருக்கும் பொருள் 60 காலன் தொட்டிக்குள் அடங்க வேண்டும், மிகுதியை எடுத்துக்கொள்வோம் என்று விதித்தார்கள். எடுத்ததை 90 நாள் வைத்திருப்பார்களாம். பெரிய சாமான்களாயின் அப்போதே அழித்துவிடலாமென்றும் ஒரு ஷரத்து. இந்த ஷரத்தை 2021-இல் அதே அப்பீல் கோர்ட்டார் தடுத்தனர். 2024-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டார் வேறொரு வழக்கில், தெருவில் படுப்பதைத் தண்டிக்க நகரங்களுக்கு அதிகாரமுண்டு என்று தீர்ப்பளித்துவிட்டதால் அத்தேசத்து ஏழைகளின் நிலை இன்னும் இறுகிவிட்டது. உதவியாக வந்த தொட்டி அளவுகோலாக மாறி, அளவுகோல் பறிமுதலுக்குச் சாக்காயிற்று. நம் நாட்டில் காப்பிடம் ஏற்படுமானால், 'இடம் கொடுத்துவிட்டோம், இனிமேல் தெருவில் கண்டதை எடுப்போம்' என்று யாரும் கிளம்பாதபடி ஆரம்பத்திலேயே கட்டுத் திட்டம் செய்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்கு என்று சொல்பவர்களுக்கு நமது சட்டத்திலிருந்தே காட்டுவோம். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொண்டவன் அதைத் தன் பொருளைப்போலப் பாதுகாக்க வேண்டும். வழிப்போக்கனுக்கே இது கடமையானால் சர்க்காருக்கு இல்லையா? ஜுனாகட்டில் சுங்க அதிகாரிகள் ஒருவருடைய மோட்டார் வண்டிகளைப் பறிமுதல் செய்தார்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே அவை உரியவரில்லாப் பொருளென்று ஏலம் போயின. 1967-இல் சுப்ரீம் கோர்ட்டார் என்ன சொன்னார்கள்? எடுத்த பொருளைப் பத்திரமாக வைத்துத் திருப்பிக் கொடுப்பது சர்க்காரின் பொறுப்பு. திருப்ப முடியாவிட்டால் விலையைக் கொடு என்றார்கள். மோட்டார் வண்டிக்கு உள்ள நியாயம் சாக்கு மூட்டைக்கு ஏன் இல்லை? சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்று அரசியலமைப்பின் 300-ஏ ஷரத்து சொல்லுகிறது. விலாசமுள்ள சொத்துக்காரர் என்று அதில் எழுதவில்லை.

இன்னும் கிட்டத்தில் உள்ள உதாரணம் தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் ஏற்பட்ட சட்டம். அதன்படி வியாபாரியின் சரக்கை நகரசபையார் எடுத்தால் ஜாபிதா தயாரித்து அதன் பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். கெட்டுப்போகாத சரக்கை அவர் கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள்ளும், கெட்டுப்போகக்கூடியதைக் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். ஒரே நடைபாதையில் பகலில் வாழைப்பழம் விற்பவருக்கு ஜாபிதா உண்டு. இரவில் அங்கே படுப்பவருக்கு இல்லை. சில இடங்களில் இருவரும் ஒரே ஆள்!

அந்நிய ஆட்சியில் சிறை சென்ற தேச பக்தர்களின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு மற்றொன்றும் ஞாபகம் வரும். 1894-ஆம் வருஷத்துச் சிறைச் சட்டத்தின்படி கைதி கொண்டுவந்த பணமும் பொருளும் ஜெயிலர் வசத்தில் பத்திரமாயிருக்க வேண்டும். நம்மை அடிமைகளென்று நினைத்தவர்களே குற்றவாளியின் பொருளுக்குப் பொறுப்பாளியை நியமித்தார்கள். குற்றம் செய்யாத சுதந்திரப் பிரஜையின் மூட்டைக்குப் பொறுப்பாளி இன்றுவரை யாருமில்லை.

1981-இல் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளை இடித்தபோது அகப்பட்டவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு. சேலத்துக் கூலிவிவசாயி, வறட்சியால் வேலையிழந்து 1961-இல் பம்பாய்க்குப் போனவர். மழைக்கால மத்தியில் அவர் குடிசையை இடித்துக் குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் பெண்மக்களும் சேலத்தில் தங்க, அவர் மட்டும் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி, மறுபடி நடைபாதையில் குடியேறினார். 1985-இல் வெளியான பிரசித்தமான தீர்ப்பிலேயே இச்செய்தி இருக்கிறது. ஜீவனோபாயமும் ஜீவனுரிமையில் அடங்கியதே என்று சுப்ரீம் கோர்ட்டார் அப்போது சொன்னார்கள். வேலை இருக்கும் இடத்துக்கருகில்தான் ஏழை படுப்பான் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அப்புறப்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த நோட்டீஸைக்கூட இன்று மூட்டைக்கு யாரும் கொடுப்பதில்லை.

இனி, காரியம் சாத்தியமா என்று பார்ப்போம். இதற்கு லிஸ்பனுக்குப் போக வேண்டியதில்லை. திருப்பதிக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அலிபிரியிலிருந்து படியேறுகிறவர்கள் அடிவாரத்திலேயே மூட்டையைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். தேவஸ்தானத்தார் அதை வண்டியில் ஏற்றி மலைமேல் சேர்த்துவிடுகிறார்கள். ரசீதைக் காட்டினால் மூட்டை வந்துவிடும். கூலி கிடையாது. ஆயிரக்கணக்கான மூட்டைகள், பார்வைக்கெல்லாம் ஒன்றுபோலவே இருப்பவை, நாள்தோறும் இப்படிக் கை மாறுகின்றன. அந்தச் சாமர்த்தியம் நம்மவர்களிடம் நிறைய இருக்கிறது. கோயிலுக்குக் கோயில் செருப்புக் காப்பவரிடம்கூட அது இருக்கிறது.

ஆக்ஷேபங்கள் பல வரும். மூட்டைகளில் அழுக்கும் பூச்சியும் இருக்கும் என்பார்கள். மூடியுள்ள தொட்டியில் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. பக்கத்தில் துவைக்க ஒரு குழாயும் கல்லும் வைத்துவிட்டால் அழுக்கும் பாதி தீரும். திருட்டுச் சாமானையும் கஞ்சாவையும் ஒளித்து வைப்பார்கள் என்பார்கள். இது சற்று யோசிக்க வேண்டியதுதான். வைக்கும்போது உடையவர் முன்னிலையில் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். அதற்குமேல் போலீஸார் வாரண்டில்லாமல் குடையலாகாது. வங்கிப் பெட்டகத்தில் தனவான் என்ன வைக்கிறாரென்று நாம் யாரும் கேட்பதில்லை. வசதி செய்துகொடுத்தால் நடைபாதையிலேயே நிலைத்துவிடுவார்கள் என்பது மூன்றாவது. நடந்து வருவது இதற்கு நேர்மாறு. மூட்டையை விட்டு நகர முடியாததால்தான் மனிதன் அவ்விடத்திலேயே கட்டுண்டு கிடக்கிறான். கையை அவிழ்த்துவிட்டால் வேலைக்குப் போவான், ஆஸ்பத்திரிக்குப் போவான், வாடகைக்கு ஓர் அறை பார்க்கவும் போவான்.

நடத்தும் முறையில் சில விஷயங்களில் நாம் பிடிவாதமாயிருப்போம். அடையாள அட்டை கேட்கலாகாது. அது தொலைந்தவருக்குத்தான் இந்த இடம் முக்கியமாக வேண்டும். ஒரு வில்லையும் போட்டோவும் போதும். மேஸ்திரி ஆள் பிடிக்குமுன்பே, காலை 5 மணிக்குத் திறக்க வேண்டும். இரவு 10 மணிக்குக் குறைந்து மூடலாகாது. காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குப் பூட்டும் சர்க்கார் வழக்கத்தைக் கொண்டுவந்தால் ஒரு மூட்டையும் வராது. காவலில் ஸ்திரீ ஒருவரும் இருக்க வேண்டும். குறித்த நாளில் வராதவரின் பொருளை உடனே எறிந்துவிடலாகாது. ஆஸ்பத்திரியிலோ லாக்கப்பிலோ இருப்பவர் ஓடிவர முடியாது. காகிதங்களுக்கென்று தனியாக ஓர் இரும்புப் பெட்டி வைத்து, நகல் எடுத்துக் கையில் கொடுத்து, அசலை உள்ளே வைக்கலாம். தபாலும் அந்த விலாசத்துக்கு வரச் செய்தால் இன்னும் விசேஷம். வாக்காளர் பட்டியலில் வீடற்றவரைச் சேர்க்க விலாசப் பத்திரம் தேவையில்லை, இரவில் அதிகாரி வந்து அவர் படுக்குமிடத்தைப் பார்த்தால் போதும் என்று தேர்தல் கமிஷன் ஏற்கெனவே விதி செய்திருக்கிறது. ஓட்டுக்கு உள்ள தாராளம் ரேஷனுக்கும் பென்ஷனுக்கும் வர வேண்டும்.

இடம் எங்கே என்று கேட்க வேண்டாம். மேம்பாலங்களின் கீழே வேலி போட்டுப் பூட்டி வைத்திருக்கும் இடங்களும், பிள்ளைகளில்லாமல் மூடிய கார்ப்பரேஷன் பள்ளிகளும், மார்க்கெட்டுகளில் காலியாயிருக்கும் கடைகளும் கார்ப்பரேஷன் கவுன்ஸிலர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஊழியர் அமைப்புகளும் வாலிபர் சங்கங்களும் தங்கள் பேட்டையில் ஓர் இரவு நடந்து, எத்தனை மூட்டைகள், யார் யாருடையவை என்று கணக்கெடுத்து வார்டு கவுன்ஸிலரிடம் கொடுக்கலாம். கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுவதைவிட அது பலன் தரும் வேலை.

காப்பிடங்கள் ஏற்படும்வரையில் ஒன்று செய்யலாம். அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தொகை தேவையில்லை, சட்டசபை கூட வேண்டியதுமில்லை. நடைபாதையைத் துப்புரவு செய்யப் புறப்படும் ஒவ்வொரு லாரியிலும் ஒரு ஜாபிதாப் புத்தகத்தையும் கார்பன் காகிதத்தையும் கொடுத்தனுப்பலாம். எடுத்த மூட்டை, எடுத்த இடம், எடுத்தவர் பெயர், வந்து கேட்க வேண்டிய கிடங்கு ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியை அந்த மரத்திலேயே ஒட்டிவிட்டு வரலாம். கமிஷனர்கள் கையெழுத்திட்டு அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும். எந்த நகரத்துக் கமிஷனர் முதலில் அனுப்புகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.